விற்காத குரல்: ஸ்பீச் டெபெல்லின் ‘ஸ்பீச் தெரபி’

முதுகலை வகுப்பில் பெண் எழுத்து பற்றிய தாளை நடத்தும்போது, பாடத்திட்டத்தில் இல்லாத ஓர் ஆல்பத்திலிருந்து இரண்டு பாடல்களை ஒலிக்கவிடுவது என் வழக்கம். லண்டன் ராப் பாடகி ஸ்பீச் டெபெல்லின் ‘ஸ்பீச் தெரபி’. 2009இல் வந்தது. சென்ற ஆண்டு பாடல் முடிவதற்குள் ஒரு மாணவி கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “மேம், மெர்க்குரி பரிசு வாங்கின ஆல்பத்திலேயே ரொம்பக் கம்மியா வித்ததுல இது ஒண்ணாம். அப்போ இது ஃப்ளாப்தானே?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான தாமதமான பதில்.

மெர்க்குரி என்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஓராண்டில் வெளியான ஆல்பங்களில் சிறந்த ஒன்றுக்கு நடுவர் குழு வழங்கும் பரிசு. விற்பனையைப் பார்த்துத் தருவதல்ல. 2009 செப்டம்பரில் அந்த மேடையில் ஃப்ளோரன்ஸ் அண்ட் த மெஷின், லா ரூ, பேட் ஃபார் லாஷஸ், கசேபியன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள் பட்டியலில் இருந்தார்கள். பரிசும் 20,000 பவுண்டும் சென்றது, அதுவரை சுமார் 3,000 பிரதிகளே விற்றிருந்ததாகச் செய்தி ஏடுகள் எழுதிய ஓர் ஆல்பத்துக்கு. பரிசுக்குப் பிறகு விற்பனை பாய்ந்து ஏறும் என்பது அந்தப் பரிசைச் சுற்றியுள்ள எதிர்பார்ப்பு. முந்தைய ஆண்டு எல்போ குழுவுக்கு அப்படித்தான் ஆனது. ஸ்பீச் டெபெல்லின் ஆல்பமோ விற்பனைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள்கூட வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பரிசைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘தோல்வி’ என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் இந்த ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அவருக்கு முன்னால் வந்த பெண்களைப் பார்க்க வேண்டும். தெற்கு லண்டனிலிருந்து வந்த குக்கி க்ரூ என்ற இரு பெண்களின் ஹிப்ஹாப் குழு, பீட்மாஸ்டர்ஸுடன் சேர்ந்து பாடிய ‘ராக் த ஹவுஸ்’ 1988 தொடக்கத்தில் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை போனது. ஹிப்ஹாப்பை நேசித்தவர்களுக்கு, நடனக்கூடப் பாடல் ஒன்று முகவரி ஆகிவிட்டது. அந்த முகவரியிலிருந்து வெளியேறுவதற்காகவே அவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாறி, 1989இல் ‘பார்ன் திஸ் வே’ என்ற ஆல்பத்தைச் செய்தார்கள். 2002இல் மிஸ் டைனமைட் ‘எ லிட்டில் டீப்பர்’ ஆல்பத்துக்காக மெர்க்குரி பரிசு பெற்றார். ஆக, பிரிட்டிஷ் ஹிப்ஹாப்பில் பெண்கள் புதியவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொருத்தியும் முதல் பெண்ணைப் போலவே வரவேற்கப்பட்டாள். வரலாறு இல்லாதவளாக வரவேற்கப்படுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, பெண் கவிஞர் என்று மேடையில் அறிமுகப்படுத்தப்படும் எங்களில் பலருக்குத் தெரியும்.

ஸ்பீச் டெபெல்லின் இயற்பெயர் கொரின் எலியட். ஜமைக்கா வம்சாவளியினர். தெற்கு லண்டனில் தாயிடம் வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வெளியேறிச் சில ஆண்டுகள் வீடற்றோருக்கான விடுதிகளில் தங்கியிருக்கிறார். ஆல்பத்தை வெளியிட்ட பிக் டாடா, நிஞ்சா ட்யூனின் கிளையாக இயங்கிய சிறிய ஹிப்ஹாப் நிறுவனம். ரூட்ஸ் மனூவாவின் ஆல்பங்கள் வந்த இடம். அவரும் இதில் ‘வீல்ஸ் இன் மோஷன்’ பாடலில் சேர்ந்து பாடியிருக்கிறார். முக்கியத் தயாரிப்பாளரான வேய்ன் லோடெக் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்ததால், லண்டன் தெருக்களைப் பேசும் இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே சென்று பதிவாகியது. ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போன பிறகே ஊர் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்று கேட்கும்போது தோன்றும்.

இசையைக் கேட்டால் முதலில் வியப்பது, ராப் ஆல்பத்தில் எதிர்பார்க்கும் கனத்த மின்னணு ஒலி இங்கே இல்லாதது. கிதார், டபுள் பேஸ், கிளாரினெட், அடக்கமான டிரம்ஸ். ஒரு சிறிய அறையில் வாத்தியக்காரர்கள் அருகருகே உட்கார்ந்து வாசிப்பதைப் போல இருக்கிறது. அதன் மீது டெபெல்லின் குரல். உயர்த்தாத, சில இடங்களில் சிறுமியின் குரலோ என்று ஐயப்பட வைக்கும் மெல்லிய குரல். சொற்களை முடிக்கும் இடத்தில் அது தாழ்ந்துவிடுகிறது.

தண்டியலங்காரம் ‘தன்மேம்பாட்டுரை’ என்று ஓர் அணியைச் சொல்கிறது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது. ராப்பின் அடித்தளங்களில் ஒன்று இந்த அணிதான். ‘என்னைப்போல் எவனுமில்லை’ என்ற அறைகூவலில்தான் அந்தக் கலை வளர்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த தற்புகழ்ச்சிக்கு அரசியல் நியாயமும் உண்டு. பெண்கள் ராப்புக்கு வந்தபோதும் பெரும்பாலும் இந்த அணியையே கைக்கொண்டார்கள். ஆண்களின் அரங்கில் ஆண்களைவிடச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. டெபெல் இந்த அணியைக் கழற்றி வைத்துவிடுகிறார். ‘சர்ச்சிங்’ பாடலில் விடுதி அறையில் நள்ளிரவில் விழித்திருப்பவள் தன்னை வெற்றியாளராகவும் காட்டிக்கொள்வதில்லை, பரிதாபத்துக்குரியவளாகவும் காட்டிக்கொள்வதில்லை. பார்க்கிறாள், சொல்கிறாள். ‘ஃபினிஷ் திஸ் ஆல்பம்’ இன்னும் துணிச்சலானது. இந்த ஆல்பத்தை முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பாடல், அதே ஆல்பத்துக்குள்ளேயே இருக்கிறது. படைப்பவளின் ஆசையும் பயமும் படைப்பின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. பின்னால் நடந்ததை அறிந்துகொண்டு இன்று கேட்கையில் தொண்டை அடைக்கிறது.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். நடுப்பகுதியில் அந்த மென்மையே ஒரு சாயலாகிச் சற்று அலுப்பூட்டுகிறது. ‘ஸ்பின்னின்’ பாடலின் நம்பிக்கை எளிதில் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ‘டாடிஸ் லிட்டில் கேர்ள்’ வரும்போது இந்தக் குறைகள் எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. கூட இல்லாத தந்தையை முன்னால் நிறுத்தி மகள் பேசும் பாடல் அது. கோபமும் ஏக்கமும் மாறி மாறி வருவதில்லை, ஒரே வாக்கியத்தில் சேர்ந்தே வருகின்றன. ‘உன்னை வெறுக்கிறேன்’ என்ற தொனியில் தொடங்குவது ‘ஏன் வரவில்லை’ என்ற தொனியில் முடிகிறது.

இனி வரவேற்பு. பரிசுக்கு முன் இந்த ஆல்பத்துக்கு நல்ல மதிப்புரைகளே வந்தன. அவற்றிலும் பரிசுச் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கதை: விடுதியில் இருந்தவள் மேடைக்கு வந்தாள். ஆல்பத்தின் பெயரே அந்த வாசிப்புக்கு வசதி செய்துகொடுத்தது. ‘பேச்சுச் சிகிச்சை’ என்றால், பேசி ஆறுதல் தேடுகிறாள் என்று பொருள் கொண்டார்கள். ஆனால் அந்தச் சொல்லின் நேரடிப் பொருள் வேறு. திக்குவாய் உள்ளவர்களுக்கும் பேச்சிழந்தவர்களுக்கும் தரும் பயிற்சி அது. நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று மணிக்கணக்கில் பழகுவது. மனம் திறப்பது ஒன்று, வாய் பழகுவது ஒன்று. முதலாவது எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவதைக் கேட்டவர்கள் குறைவு.

நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டில் வகுப்பில் இந்தப் பாடல்களை ‘சாட்சியம்’ என்று அறிமுகப்படுத்தினேன். வாழ்க்கைக் குறிப்பை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பாடலைப் போட்டேன். மாணவிகள் பாவம் என்றார்கள். யாரும் கிளாரினெட்டைக் கவனிக்கவில்லை. இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அகப்பாடலில் பேசுவோருக்குப் பெயர் சுட்டுவதில்லை என்பது மரபு. ஆனாலும் வெள்ளிவீதியாரின் பாடல்களை அவருடைய சொந்தப் பிரிவாகவே வாசித்தார்கள். கணவனைத் தேடி அவர் அலைந்ததை ஔவையாரே அகநானூற்றின் 147ஆம் பாடலில் குறிப்பிடுகிறார் என்று காரணமும் காட்டினார்கள். கபிலரின் அகப்பாடல்களைப் படித்துவிட்டு எவரும் அவருடைய காதலியைத் தேடிப் போனதில்லை. ஆண் எழுதினால் திணை, பெண் எழுதினால் வாழ்க்கை. டெபெல்லுக்கு நேர்ந்ததும் இதுதான். வாழ்க்கைக் கதையைச் செய்தித்தாளில் படித்து முடித்தவர்களுக்கு ஆல்பத்தை வாங்க வேறு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை, அதாவது அவருடைய கலையை, யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்து நடந்தது சண்டை. பரிசுக்குப் பின் கேட்டவர்களுக்குக் கிடைக்கும் அளவு பிரதிகள் கடைகளில் இல்லை என்று டெபெல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதே ஆண்டு இறுதிக்குள் பிக் டாடாவை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஒரு சிறிய நிறுவனத்தின் கையிருப்பு எவ்வளவு, எவ்வளவு பணத்தை முன்கூட்டி அச்சில் போட முடியும் என்ற கேள்விகளில் நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கக்கூடும். நான் கவனிப்பது வேறொன்றை. ஆல்பத்தில் தன் வலியைச் சொன்னபோது அவருடைய பேச்சு ‘நேர்மை’ எனப்பட்டது. தன் உழைப்பின் கணக்கைக் கேட்டபோது அதே பேச்சு அவசரமாகவும் முதிர்ச்சியின்மையாகவும் தெரிந்தது. பெண்ணின் கண்ணீருக்கு இருக்கும் மரியாதை அவளுடைய கணக்குக்கு இல்லை. என் முதல் தொகுப்பு வந்த பிறகு, எத்தனை பிரதி போட்டீர்கள் என்று பதிப்பாளரிடம் கேட்டதற்கு, “கவிதை எழுதுறவங்க இதெல்லாம் கேக்கலாமாம்மா?” என்று சிரித்தார். நான் பேசாமல் வந்துவிட்டேன். டெபெல் பேசினார்.

இந்தக் கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் ‘ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்’ என்ற இரண்டாம் ஆல்பம் வந்தது, அதே பிக் டாடா வழியாகவே. முதல் ஆல்பத்தின் மெல்லிய ஒலி இதில் இல்லை. அரசியலும் சினமும் கூடியிருந்தன. 2017இல் மூன்றாவதும் வந்தது. ‘தோல்வி’ என்று எழுதுகிறவர்கள் இவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022இல் லிட்டில் சிம்ஸ் மெர்க்குரி பரிசு பெற்றார். இடையில் பதின்மூன்று ஆண்டுகள். தன்னைப் பற்றி, தன் தந்தையைப் பற்றி, தன் தயக்கத்தைப் பற்றி ஒரு கறுப்பினப் பெண் ராப்பில் தாழ்ந்த குரலில் பேசலாம் என்பது அப்போது யாருக்கும் விந்தையாகப் படவில்லை. யார் யாரிடமிருந்து கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கும் காதுகள் பழகியிருந்தன என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பழக்கம் எந்த விற்பனைப் பட்டியலிலும் ஏறாது.

அந்த மாணவியிடம் மறு வாரம் இதையெல்லாம் சொல்ல முயன்றேன். அவள் அதற்குள் வேறொரு வேலை செய்திருந்தாள். ‘டாடிஸ் லிட்டில் கேர்ள்’ பாடலைத் தமிழில் எழுதிப் பார்த்திருந்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டதாம். “மேம், இங்கிலீஷ்ல ஒரே சொல்லுதான் இருக்கு. நமக்கு அப்பாவ ‘நீ’ன்னு எழுதுறதா, ‘நீங்க’ன்னு எழுதுறதா? ‘நீ’ன்னா சண்டை போடுற மாதிரி இருக்கு. ‘நீங்க’ன்னா மன்னிச்சுட்ட மாதிரி இருக்கு.” எந்த விமர்சகரும் கேட்காத கேள்வி இது. அந்தப் பாடலின் முழுச் சிக்கலும், கோபமும் ஏக்கமும் ஒரே மூச்சில் இருக்கும் அதன் வித்தையும் அவளுடைய கேள்விக்குள் இருந்தன. எழுதித்தான் பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டையும் வகுப்பில் உரக்கப் படித்தோம். எது சரி என்று முடிவு செய்வதற்குள் மணி அடித்துவிட்டது. ‘ஃப்ளாப்’ என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை.