லீலாவதியும் நாழிகை வட்டிலும்

பெண்மக்களைப் புகழ்வதில் நம்மவர் எவர்க்கும் பின்வாங்கியவரல்லர். கல்விக்குத் தெய்வம் கலைமகள் என்போம். ஆறுகளுக்குப் பெண்பெயர் இடுவோம். மேடையேறினால் மாதர் குலத்தை வானளாவ வாழ்த்துவோம். ஆனால் வீட்டிலுள்ள மகள், தான் ரசாயனம் படிக்க விரும்புவதாக வாய்திறந்தால், அவ்வளவு வாழ்த்தும் எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். புகழ்தல் வேறு, துணைநிற்றல் வேறு. முன்னதற்குச் செலவில்லை. பின்னதற்கோ பணமும், காலமும், அயலார் பேச்சைப் பொறுக்கும் மனவுரமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் கேட்டை, ஒரு பழங்கதையையும் ஒரு புதிய நூலையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

பழங்கதை லீலாவதியினுடையது. புதிய நூல், இந்திய விஞ்ஞான அகாடமியார் பெங்களூரிலிருந்து 2008-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'லீலாவதியின் புதல்வியர்' என்பது. ரோகிணி கோட்போலே அம்மையாரும் ராம் ராமசாமி அவர்களும் பதிப்பித்த இந்நூலில், இந்திய விஞ்ஞானத் துறையில் உழைத்த ஏறத்தாழ நூறு பெண்களின் வாழ்க்கைக் கட்டுரைகள் அடங்கியுள்ளன. கதையின் பெயரையே நூலுக்குச் சூட்டியிருப்பதால், கதையை முதலில் எடுத்துக் கொள்வோம்.

பாஸ்கராச்சாரியர் என்னும் கணித மேதை 1150-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய கணித நூலுக்கு 'லீலாவதி' என்று பெயர். அது அவருடைய மகளின் பெயர் என்பர். மகளின் ஜாதகத்தைக் கணித்த தந்தை, குறித்ததொரு நாழிகையில் மணம் முடியாவிடில் அவளுக்கு இல்லறம் வாய்க்காது என்று கண்டாராம். அந்நாழிகையைத் தவறவிடாதிருக்க, அடியில் சிறு துளையிட்ட வட்டில் ஒன்றை நீரில் மிதக்கவிட்டார். துளைவழியே நீர் ஏறி வட்டில் அமிழும் கணமே நல்ல நேரம். மணக்கோலத்திலிருந்த சிறுமி, அஃது எவ்வாறு இயங்குகிறது என்று எட்டிப் பார்த்தாள். அவள் அணியிலிருந்த முத்தொன்று நழுவி வட்டிலில் விழுந்து துளையை அடைத்தது. நீர் ஏறவில்லை, நேரம் கடந்தது, மணம் நின்றது. மகளைத் தேற்ற விரும்பிய தந்தை, அவள் பெயர் உலகுள்ளளவும் நிலைக்குமாறு ஒரு நூல் செய்வதாகக் கூறினாராம்.

இக்கதை பாஸ்கரரின் நூலில் இல்லை. அக்பர் காலத்துக் கவிஞர் பைஸி, நானூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின், 1587-இல் அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது சொன்னதாகவே நமக்குக் கிடைக்கிறது. ஆதலின் இதனை வரலாறென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பொய்க்கதையும் ஒரு சமூகத்தின் மனத்தை மெய்யாகக் காட்டவல்லது. இதனை உருக்கமான தந்தைப்பாசக் கதையென்று இன்றும் பலர் போற்றுகின்றனர். நாம் அவ்விதம் போற்ற ஒருப்படோம்.

காரணம் கூறுவோம். கோள்களின் நடையைக் கணக்கிடவல்ல பேரறிஞர், ஒரு நாழிகை தவறினால் ஒரு பெண்ணின் வாழ்வே தவறும் என்று நம்பியதாகச் சொல்கிறது கதை. அவளைக் கெடுத்தது முத்தன்று, ஜோசியமே என்று சொல்லக் கதாசிரியருக்கு மனம் வரவில்லை. இஃது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. அச்சிறுமி செய்த குற்றம் யாது? ஒரு கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று குனிந்து நோக்கினாள். விஞ்ஞானம் என்பதன் தொடக்கமே அதுவன்றோ! அதனை ஓர் ஆண்பிள்ளை செய்திருந்தால், விளையும் பயிர் முளையிலே தெரிந்தது என்று கொண்டாடியிருப்போம். பெண் செய்ததால் அதுவே அவள் வாழ்வைக் கெடுத்த செயலாயிற்று. ஆராயும் பெண்ணுக்கு அழிவு உண்டு என்னும் எச்சரிக்கையைத் தந்தைப்பாசம் என்னும் பட்டில் பொதிந்து தருகிறது கதை.

இன்னும் ஒன்று. நூலில் பல கணக்குகள், மான்விழியாளே என்பது போன்ற விளிகளுடன் ஓர் இளம்பெண்ணை நோக்கியே கேட்கப்படுகின்றன. கேட்பவர் குரல் நமக்குக் கேட்கிறது. அவள் சொன்ன விடை ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் பெயர் நூலின் முகப்பில் நிலைத்தது. அவள் அறிவு எங்கும் நிலைக்கவில்லை. போற்றுதலுக்கும் துணைநிற்றலுக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை.

நிற்க. இனி 2008-ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். இதன் முதற்சிறப்பு, லீலாவதிக்கு மறுக்கப்பட்ட குரலை அவள் புதல்வியர்க்கு அளித்தது. வாழ்பவர் பலர் தம் கதையைத் தாமே கூறுகின்றனர். மறைந்தோர் கதையைப் பிறர் கூறுகின்றனர். பதிப்பாசிரியரான கோட்போலே அம்மையார் பௌதிக நூல் வல்லுநர். 2024-ஆம் ஆண்டில் காலமாகும்வரை, தாம் ஏறிய ஏணியைப் பின்வரும் பெண்களுக்காகப் பிடித்து நின்றவர். நூலினுள் வரும் மூவர் வாழ்க்கையை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலாமவர் கமலா சோஹோனி. பம்பாய்ச் சர்வகலாசாலையில் தேறி, 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் அக்கழகத்திலேயே பயின்ற ரசாயனிகள். ஆயினும் தலைவராயிருந்த சர் சி. வி. ராமன், பெண் என்ற காரணத்தால் இடமில்லை என்றார். நோபல் பரிசு பெற்ற பெருமகனார் வாக்கு அது. கமலா பணியவில்லை, காரணம் கேட்டு நின்றார். இறுதியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது: ஓராண்டு முறையான மாணவியாகக் கருதப்படார், ஆசிரியர் வேண்டும்போது இரவிலும் உழைக்க வேண்டும், ஆடவர் கவனத்தைக் கலைத்தலாகாது. உடன் பயின்ற எந்த ஆடவனிடமும் இத்தகைய பிணை கேட்கப்பட்டதில்லை. அவர் அவ்வாண்டைக் கடந்தார். அவருடைய ஆசிரியர் சீனிவாசையா கண்டிப்பானவர்; எனினும் வேலையைக் கற்பித்தார். 1939-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை கமலாவுக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அவருக்குப்பின் ராமனும் தம் கழகத்தில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கினார். ஒருத்தி தாங்கிய அவமானம் பலருக்கு வாயிலாயிற்று. ஆனால் வாயில் திறக்க ஒருத்தி அவமானப்பட்டே தீரவேண்டுமா என்பது நம் கேள்வி.

இரண்டாமவர் அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளில் வீட்டார் வைரத்தோடு கொடுக்க, அது வேண்டா, கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, 1940-இல் ராமனது ஆராய்ச்சிச்சாலையில் சேர்ந்தார். விதி விளையாடியதென்பார்போல், அங்கு அவர் ஆராய்ந்த பொருள் வைரமே. வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளி நிகழ்த்தும் விந்தைகளைப் பற்றித் தாமே தனித்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945-இல் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். அக்காலத்தில் அக்கழகம் தானே பட்டம் வழங்கும் நிலையில் இல்லை. வழங்க வேண்டிய சென்னைச் சர்வகலாசாலை, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று காரணங்காட்டி டாக்டர் பட்டத்தை மறுத்தது. பட்டமின்மையால் தம் வாழ்வு குறைபடவில்லை என்றே அம்மையார் பின்னாளில் கருதினார். அஃது அவர் பெருந்தன்மை. மறுத்தவர் செயலுக்கு அது நியாயமாகாது.

அந்த ஆராய்ச்சிச்சாலையைப் பற்றி ஆபா சூர் 2011-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி உண்டு. அங்கு ஆடவரும் பெண்டிரும் கலந்து பேசுவது விரும்பப்படவில்லை. ஆகவே மாணவர் தம்முள் நிகழ்த்தும் விவாதங்கள் அன்னா மணி போன்றார்க்குக் கிட்டவில்லை. இதனைச் சிறு செய்தியென்று ஒதுக்கலாகாது. விஞ்ஞானம் புத்தகத்தால் மட்டும் வளர்வதன்று, பேச்சால் வளர்வது. செய்த பிழையை மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே திருத்துவதும், எந்தச் சஞ்சிகைக்கு எழுதலாம், எந்த உபகாரச் சம்பளத்திற்கு மனுச் செய்யலாம் என்று தோழர் சொல்வதும் அப்பேச்சினிடையேதான். ஒருத்தியை உள்ளே விட்டு, பேச்சுக்கு வெளியே நிறுத்துதல், பந்தியில் உட்காரவைத்து இலை போடாமை போன்றதே.

இவ்வம்மையார் பின்னர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் மீண்டு, புனாவில் வானிலை இலாகாவில் அமர்ந்தார். அயல்நாட்டிலிருந்து இறக்குமதியாகி வந்த கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழிவகுத்தார். ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். வெயிலின் வலிமையை அளக்க நிலையங்கள் நாட்டினார். 1976-இல் இலாகாவின் உதவித் தலைவர் பதவியிலிருந்து ஓய்வுபெற்று, 2001-இல் மறைந்தார். வட்டிலை எட்டிப் பார்த்த சிறுமியை நினைவுகூர்க. கருவியை நோக்கியதால் கெட்டாள் ஒருத்தி என்றது பழங்கதை. கருவியை நோக்கியதால் ஒரு நாட்டுக்கே பயன்பட்டாள் ஒருத்தி என்கிறது மெய்க்கதை. இடையிலிருந்த வேற்றுமை, முன்னவள் கேட்காமலே முத்தைப் பெற்றாள், பின்னவள் கேட்டுப் புத்தகத்தைப் பெற்றாள் என்பதே.

மூன்றாமவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து சென்னையில் தாவர நூல் பயின்றவர். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில், ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் என்பவர் 1917-இல் நிறுவிய உபகாரச் சம்பளத்தைப் பெற்று, 1931-இல் டாக்டரானார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தார். 1945-இல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூல் வெளியிட்டார். இங்கு நாம் கருதவேண்டியது அந்த உபகாரச் சம்பளத்தை. பார்பர் ஜானகியின் தந்தையல்லர், சுற்றமல்லர், ஒரே நாட்டாரும் அல்லர். முகமறியாப் பெண்களுக்காகப் பணத்தை ஒதுக்கி வைத்தார். தம் மகளுக்கென ஒரு நூலின் பெயரைக் கொடுத்த தந்தையின் கதையை நாம் எண்ணூறு ஆண்டுப் பெருமையாகப் பேசுகிறோம். பிறர் மகளுக்கெனப் படிப்பையே கொடுத்தவரின் பெயர் நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

இனி நூலின் குறையைச் சொல்லுவோம். நல்ல தந்தை, நல்ல ஆசிரியர், நல்ல கணவர் வாய்த்ததை நன்றியோடு கூறும் கட்டுரைகள் இதில் பல. நன்றி நற்குணமே. ஆனால் அவற்றை அடுத்தடுத்து வாசிக்குங்கால், துணை என்பது வாய்த்தவர்க்கு வாய்ப்பது என்ற எண்ணம் வாசகர் மனத்தில் படிந்துவிடுகிறது. வாய்க்காதவர் எங்கே? அவர் நூலில் இல்லை, இருத்தலும் இயலாது. கரையேறியவர் கதையை மட்டும் கேட்டு ஆற்றின் ஆழத்தை அளக்கலாகாது. கமலாவின் வீட்டில் இரண்டு ரசாயனிகள் இருந்தனர். ஜானகியின் தந்தையார் நீதிபதி. விடியுமுன் பால்மரம் சீவப் போகும் தாய்க்குப் பிறந்தவளுக்கு, நுண்நோக்கி என்பதை நேரில் கண்டவர் ஒருவரும் சுற்றத்தில் இல்லாதவளுக்கு, யார் வாய்ப்பார்? சாதியாலும் வறுமையாலும் தள்ளப்பட்ட பெண்ணைப் பற்றி இந்நூல் போதிய அளவு பேசவில்லை. நூலின் பெரும்பகுதியை நாம் வியந்தபோதிலும், இதனைக் குறை என்று சொல்லாதிருக்க முடியவில்லை.

ஆதலின் துணை என்பது அதிர்ஷ்டமாயிருத்தல் கூடாது, ஏற்பாடாக வேண்டும். இந்திய சர்க்கார் 2002-03-ஆம் ஆண்டில், மணத்தாலும் மகப்பேற்றாலும் ஆராய்ச்சி இடையே நின்றுபோன பெண்கள் திரும்பி வருவதற்கென ஓர் உதவித் திட்டம் தொடங்கியது. இது சரியான வழி. வேலையை விட்டவள் திறமையற்றவள் அல்லள், தொட்டில் ஆட்டியவள் என்று ஒரு சர்க்கார் எழுத்தால் ஒப்புக்கொண்டது அதுவே.

சர்க்கார் செய்வது சர்க்காரோடு நிற்க. நாம் செய்யத்தக்கது யாது? தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் சங்கங்கள் ஆண்டுதோறும் நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணை மேடைக்கு அழைத்து, மாலையிட்டு, படமெடுத்து அனுப்புகின்றன. மறுநாள் அவளை யார் நினைக்கிறார்? அவள் எந்த வகுப்பில் சேரலாம், மனுவை எவ்விதம் எழுதலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். முதலாண்டில் பரீட்சை தவறிவிட்டால், வீட்டுக்கு வந்துவிடு என்னாமல், மீண்டும் எழுது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் முன்னரே அவ்வழி நடந்த ஒரு பெண்ணாகவே இருப்பார். ஆகவே எஞ்சினீயராகவும், மருத்துவராகவும், ஆராய்ச்சிச்சாலை ஊழியராகவும் உள்ள நம் சகோதரிகளை நாம் கேட்பது ஒன்றே: ஒவ்வொருவரும் தமக்குச் சுற்றமல்லாத ஒரு சிறுமிக்கேனும் பொறுப்பேற்றல் வேண்டும். சங்கங்களைக் கேட்பதும் ஒன்றே: மாலைக்கு ஆகும் பணத்தைப் புத்தகத்துக்கும் பிரயாணச் செலவுக்கும் ஆக்குக. பெற்றோரைக் கேட்பதும் ஒன்றே: நாள் பார்ப்பதற்குமுன் அவள் விருப்பம் பாருங்கள்.

நம் மகள் ஒருத்தி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உள்ளே பல்சக்கரங்களை உற்று நோக்கிக் கொண்டிருக்கலாம். அடித்துப் பறிப்பது ஒரு வழி. நம் மகள் எத்துணைக் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் புகழ்ந்துவிட்டு, பிறகு பறிப்பது இன்னொரு வழி. இரண்டினும் முடிவு ஒன்றே. அவள் அருகில் அமர்ந்து, திருகாணி எது என்று காட்டுவது மூன்றாம் வழி. அவ்வழியில் நிற்பவரே சீர்திருத்தக்காரர் என்று நாம் சொல்லுவோம்.