அமெரிக்க எம் சைஸ்

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீ-ஷர்ட் வாங்கியவர்களுக்குத் தெரியும்: அமெரிக்க ஆர்டரில் மிஞ்சிய ‘எம்’ நமக்குத் தொளதொளவென்று தொங்கும். அதற்காக அவிநாசியில் யாரும் தன் உடம்பைக் குறை சொல்வதில்லை, சைஸ் சார்ட் வேற என்று விட்டுவிடுவார்கள். பாட்டு விஷயத்தில் மட்டும் நாம் உடம்பைச் சந்தேகிக்கிறோம்.

2004இல் ரோலிங் ஸ்டோன் இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த 500 பாடல்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. இசைக்கலைஞர்களும் விமர்சகர்களும் ஓட்டுப் போட்டார்கள். மிகப் பெரும்பகுதி அமெரிக்கா, பிரிட்டன். தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட இல்லை. 2002இல் பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் நேயர்களிடம் ஓட்டுக் கேட்டபோது ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம் பிடித்தது. முதலாவதை ரசனை என்கிறோம். இரண்டாவதை, நம்மாளுங்க கும்பலா குத்தின ஓட்டு என்று சிரிக்கிறோம். கும்பல் ஓட்டுதான், மறுக்கவில்லை. ஒரே வகை இசை கேட்டு வளர்ந்தவர்கள் கூடிப் போட்டது மட்டும் வேறென்ன?

பட்டியலில் இடம் கிடைக்காதது சின்ன விஷயம். அளக்கிற அலகுதான் பெரிய விஷயம். ராக் வழி வந்த அமெரிக்க விமர்சனத்துக்கு ஆல்பம்தான் அலகு. தானே எழுதித் தானே பாடுபவர்தான் கலைஞர். நம் வெகுஜன இசை அப்படிப் பிறக்கவில்லை. இயக்குநர் காட்சி சொல்வார், ஒருவர் மெட்டுப் போடுவார், ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பாடுவார். 2005இல் டைம் இதழ் ‘ரோஜா’வைக் கொண்டாடியபோதும் சிறந்த சவுண்ட்டிராக்குகளில் ஒன்றாகத்தான் கொண்டாடியது. அவர்களுக்கு அது படத்தின் துணைப்பொருள். நமக்கு அதுதான் பாப்.

அதே அலகை நாமும் சுமக்கிறோம். சினிமாவுக்குப் போடாத பாட்டு என்றாலே ‘இண்டி’ என்று கூடுதல் மார்க். இளையராஜாவின் பேஸ் கிட்டாரைக் கேட்டால் ‘ஃபங்க் தாக்கம்’ என்போம். அவருடைய ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ பாட்டை 2003இல் பிளாக் ஐட் பீஸ் எடுத்தாண்டால் அது ‘சாம்பிள்’. நாம் எடுத்தால் கடன், அவர்கள் எடுத்தால் உத்தி.

பனியன் கம்பெனி நைட் ஷிஃப்ட்டில் ஓவர்லாக் மெஷின் இரைச்சலுக்கு மேலே ஓடுவதை ‘மைக் மோகன் பாட்டு’ என்பார்கள். மோகன் அதைப் பாடவில்லை, எழுதவில்லை, இசையமைக்கவில்லை. தெரியாமல் சொல்வதில்லை, எஸ்.பி.பி. குரல், ராஜா மெட்டு என்று அவர்களே சொல்வார்கள். குரலும் மெட்டும் முகமும் சேர்ந்த ஒன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்த ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று நாம் இன்னும் ஒழுங்காக எழுதவில்லை. ரோலிங் ஸ்டோன் அதை எழுதப் போவதில்லை. நாம்தான் எழுதணும்.