எண்ணிக்கையில் மறையும் பெண்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' நிதியை நாடும் பல்கலைக்கழகங்களும் அரசு ஆராய்ச்சி நிலையங்களும் பாலினச் சமத்துவத் திட்டம் ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்பது 2022 முதல் விதி. போற்றத்தக்க விதியே. ஆயினும், பணியாளர் தரவாக அது கட்டாயமாகக் கேட்பது ஆண் எத்தனை, பெண் எத்தனை என்னும் கணக்கையே. இது போதுமா?

1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. அங்கே பெண்களுக்கு வேலை கிடைத்திருந்தது, அவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தார்க்கும் கிடைத்திருந்தது; அவர்கள் ஆண்கள். நிறத்தையும் பாலையும் இணைத்து ஒரே குறையாக முறையிட நீதிமன்றம் இடந்தரவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இவ்விடுபாட்டையே எடுத்துக்காட்டினார்.

ஆராய்ச்சி நிலையங்களின் திட்டமும் அதே வழியில் நின்றால், பெண்களின் தொகை உயரும். அவருள் கடைசியில் நிற்பவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். சேர்த்து எண்ணுதலையும் விதியாக்குவதே முறை.