மோசெல் கரையில் மோட்டார் எதற்கு?

ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை ஊர்களில் சைக்கிள் வாடகைக்குக் கேட்டால் சாதா சைக்கிளும் கிடைக்கும், பெடலெக் என்கிற மின் சைக்கிளும் கிடைக்கும். பெடலெக்கில் மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்கும். 250 வாட் திறன், மணிக்கு 25 கி.மீ. தொட்டதும் உதவி நின்றுவிடும். அதனால் சட்டத்தின் கண்ணில் அதுவும் சைக்கிள்தான். உரிமம், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். வண்டியாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. மோட்டார் பெடல் அச்சிலேயே உட்கார்ந்திருப்பதால் எடை கீழே நிற்கிறது, வளைவில் தள்ளாடுவதில்லை. இடது கைப்பிடி அருகே உள்ள பட்டனைத் தட்டினால் உதவி கூடும், குறையும். இந்தப் பாதைக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

பெர்ன்காஸ்டல்-குயூஸிலிருந்து கோகெம் வரை ஆற்றோடு போனால் ஏறத்தாழ 80 கி.மீ.; ஒரு நாளைக்குச் சரியான தூரம். இடையில் நான்கு அணைகள். அத்தனை தூரத்திலும் ஆறு இறங்குவது சுமார் 30 மீட்டர்தான். இப்படிப்பட்ட சமதளத்தில் மணிக்கு 20 கி.மீ. போக 100 வாட் அளவு உழைப்பு போதும். ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தரக்கூடியதுதான் அது. கொஞ்சம் வேகம் கூட்டினால் 25-ஐத் தாண்டிவிடும், மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும், 25 கிலோ வண்டி உங்கள் பொறுப்பு. ஆற்றை விட்டு மேலே திரும்பினால் கணக்கே மாறுகிறது. ஆள் 75 கிலோ, வண்டி 25, பை 5 என்று வைத்தால், 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. போகவே 230 வாட் வேண்டும். டிராபென்-டிரார்பாக்குக்கு மேலே கிரேவன்பர்க் கோட்டை இடிபாடுகளுக்கோ, செல் என்ற ஊர் அருகே ஆற்று வளைவின் குறுகிய கழுத்தில் நிற்கும் மரியன்பர்க்குக்கோ ஏறுகிறவருக்கு மோட்டார் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

எதிர்க்காற்று அடித்தால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி; ரைன் கரையில் என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் மோசெல் பாம்பாய் வளைகிற ஆறு. முகத்தில் அறைகிற காற்று அடுத்த வளைவிலேயே முதுகைத் தள்ளக்கூடும். பெடலெக்கில் போய்க் களைத்தாலும் ரயில் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். எல்லரிலிருந்து கோகெமுக்கு 4.2 கி.மீ. சுரங்கம் வழியே ரயில் ஒரு பெரிய வளைவையே மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் நிலையப் படிகளில் 25 கிலோவைத் தூக்குவது யார்? பேட்டரியைக் கழற்றினாலும் குறைவது மூன்று கிலோவுக்குள்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், வேகம் ஒத்துப்போகாத ஜோடிகளுக்கும் மட்டும் நான் சொன்னவை பொருந்தாது; அவர்கள் தயங்காமல் பெடலெக் எடுக்கலாம்.

மற்றவர்கள் ஆற்றங்கரையோடு நிறுத்திக்கொள்வதானால் 7 அல்லது 8 கியர் உள்ள சாதா டிரெக்கிங் சைக்கிளை எடுங்கள். கோட்டை ஏறுவதானால் 500 வாட்-ஹவர் பேட்டரி உள்ள பெடலெக் போதும். 200 மீட்டர் ஏற்றத்துக்கு 100 வாட்-ஹவர்கூடச் செலவாகாது. அதைவிடப் பெரிய பேட்டரிக்குக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள்.