பனி மட்டும் போதாது, களமும் வேண்டும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அயின் நகரில் 2025 ஜூன் மாதம் முடிந்த மகளிர் ஐஸ் ஹாக்கி ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். இந்த ஆட்டம் பலருக்கு முழுநேரப் பிழைப்பு இல்லை. இந்திய அணிக்குக் கோல்கீப்பராக ஆடியிருக்கும் நூர் ஜஹான், பழைய சுவரோவியங்களையும் துணி ஓவியங்களையும் சீரமைக்கும் கலைப் பாதுகாப்பாளர்.

2016-இல் தைபேயில் முதல் சர்வதேசத் தொடர். எல்லா ஆட்டத்திலும் தோல்வி. அடுத்த ஆண்டு பாங்காக் போகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அங்கே பிலிப்பைன்ஸை 4-3 என வீழ்த்தியது இந்த அணியின் முதல் சர்வதேச வெற்றி.

அதன் பிறகும் பதக்கம் ஏன் இவ்வளவு தாமதமானது? திறமைக் குறை அல்ல, பயிற்சி நேரம்தான் குறை. லடாக்கின் லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே குளம் உறைந்து ஆடத் தோதாக இருப்பது ஆண்டுக்கு இரண்டு மாதம்தான். அதிலும் வெயில் ஏறினால் பனி இளகிவிடும். விடியலிலும் இரவிலும்தான் பயிற்சி. இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள் கொண்ட ஆட்டம் இது. முழு வேகத்தில் சறுக்கும் வீராங்கனை ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். இந்த மாற்றமும் பாஸும் பிசகாமல் நடக்க, ஆண்டு முழுக்கச் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும்.

அல் அயினில் தங்கம் வென்றது யார்? பாங்காக்கில் நம்மிடம் தோற்ற அதே பிலிப்பைன்ஸ். பனியே விழாத, நம் ஊரைப் போல வெக்கையான நாடு. ஆனால் மணிலாவின் மால்களில் ஐஸ் களங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. இமயமலையை வைத்திருக்கும் நாம் மூன்றாமிடம். களத்தை வைத்திருக்கும் அவர்கள் முதலிடம். டேராடூனில் 2011-இல் கட்டிய உள்ளரங்க ஐஸ் களம் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்து, 2025-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. அந்த ஆண்டுகளில் எத்தனை பெண்கள் அங்கே பழகியிருக்கலாம்!

2024 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் ஐஸ் ஹாக்கிப் போட்டிகள் லேயில் நடப்பது நல்ல திருப்பம். வழக்கமான போட்டிகள்தான் அணியை வளர்க்கும்.

சித்திரை வெயிலில் வேகும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இதில் பாடம் உண்டு. நமக்கு ஐஸ் களம் வேண்டாம். ஆனால் கபடியோ கால்பந்தோ கைப்பந்தோ, நம் பெண் பிள்ளைகளுக்கும் அதே இரண்டு தேவைகள்தான்: மாலை இருட்டிய பிறகும் விளக்கெரியும் மைதானம், ஆண்டு முழுக்க நடக்கும் உள்ளூர் லீக். ஒருநாள் போட்டி நடத்திக் கோப்பை கொடுத்து அனுப்பினால் அணி உருவாகாது. மாவட்ட நிர்வாகமும் பள்ளிகளும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். பெற்றோர்களே, மகளை மைதானத்துக்கு அனுப்புங்கள். அவள் ஆடும் நாளில் நீங்களும் போய்க் கைதட்டுங்கள்.