சிலபஸில் இல்லாத நெல்

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் ரோட்டில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் 1989ல் துவங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1991ல் எம்.சி. மேத்தா வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். 2003ல் மறுபடி வற்புறுத்தியதும் என்.சி.இ.ஆர்.டி. வகுப்புவாரியாகப் பாடத்திட்டம் போட்டது. நல்ல காரியம்தான்.

விளைவு? பக்கத்து ஃப்ளாட் பையனின் புத்தகத்தைப் புரட்டினேன். மண் அரிப்பு: காரணங்கள் ஐந்து, தடுக்கும் வழிகள் ஐந்து. கடகடவென்று ஒப்பிக்கிறான். 'நெல்லுக்கும் அரிசிக்கும் என்னப்பா வித்தியாசம்?' என்றேன். யோசித்துவிட்டு, 'சிலபஸ்ல இல்லை அங்கிள்' என்றான்.

புத்தகத்தில் தகவல் பிழை எதுவுமில்லை. விவசாயிதான் இல்லை. படத்தில் சிரிக்கிறார். விதைக்குக் கடன் வாங்கியவர், குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று மேட்டூரைப் பார்த்துக் கவலைப்படுபவர், எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

குறுவை நெல் நாலு மாசத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். பள்ளி மொட்டை மாடியில் ஒரு வாளி மண், ஒரு பிடி விதைநெல் போதும். பதராகப் போனாலும் பாடம்தான். டிபன் பாக்ஸில் சாதத்தை மிச்சம் வைக்குமுன் பையன் கொஞ்சம் யோசிப்பான்.

தயவுசெய்து அதற்கு மார்க் மட்டும் போடாதீர்கள்.