காயமும் கையும்

தமிழில் ‘காயம்’ என்றால் உடம்பு. ‘காயம்’ என்றால் புண்ணும்தான். சித்தர் வழி வந்தவர்களுக்கு முதல் பொருள் முக்கியம், கத்தோலிக்கர்களுக்கு இரண்டாவது. ‘ஐந்து திருக்காயங்கள்’ என்று சொன்னால் முத்துக்குளித்துறையின் எந்தப் பங்கிலும் விளக்கம் கேட்க மாட்டார்கள்: இரண்டு கை, இரண்டு கால், ஒரு விலா. சிலுவையில் இயேசு பட்ட அந்தக் காயங்கள் வேறொரு மனிதரின் உடம்பில் தோன்றுவதை ‘ஐந்துகாய வரம்’ என்பார்கள். 1224இல் லா வெர்னா மலையில் அசிசி நகர் பிரான்சிசுக்கு அது கிடைத்தது என்பது மரபு. நம் காலத்துக்குப் பக்கத்தில் வந்தால் இத்தாலியக் கப்புச்சின் துறவி பாத்ரே பியோ. 1918 செப்டம்பர் 20 அன்று தோன்றிய காயங்களோடு, 1968இல் சாகும் வரைக்கும் ஐம்பது வருடம் வாழ்ந்தவர். பூசை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கைகளைப் பாதி உறை போட்டு மறைத்துக்கொண்டவர்.

இப்படிப்பட்ட சாமியார்களைப் பற்றி நம் ஊர்ப் பக்திச் சிற்றேடுகள் எழுதுகிற விதம்தான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. இலக்கிய விமர்சனம் இந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் நம் கடற்கரை ஊர்களில் நாவல் படிக்கிறவர்களைவிட இதைப் படிக்கிறவர்கள் பல மடங்கு அதிகம். எனவே ஒரு வகைமையாக இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்கு ஒரு கச்சிதமான அச்சு உண்டு. முதலில் காயம். அடுத்து மருத்துவர்கள் திகைத்தார்கள் என்ற வரி. பிறகு ரத்தத்தில் பூ வாசனை, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தெரிந்த காட்சி, தீராத நோய் தீர்ந்த சாட்சியங்கள். கடைசியில் அவசர அவசரமாக, ‘ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியும் கட்டினார்’. இந்த அச்சில் காயம் ஒரு சான்றிதழ். அலுவலகத்தில் முத்திரை குத்திய தாளைக் காட்டுவது மாதிரி, ‘இவர் புனிதர்தான், இதோ பாருங்கள்’ என்று கையைத் தூக்கிக் காட்டுகிறது. அந்தக் கை என்ன வேலை செய்தது என்று கேட்க அங்கே இடமில்லை.

இதில் வேடிக்கை, திருச்சபையே காயத்தை அப்படி நம்பியதில்லை. பியோவின் காயங்களுக்கு இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணம் நிறுவப்படவில்லை என்று 1923இல் ரோமே அறிவித்தது. 1931 முதல் 1933 வரை மக்கள் முன்னால் பூசை வைக்கக்கூட அவருக்கு அனுமதியில்லை. நமக்குப் பக்கத்தில், கேரளத்துப் புத்தன்சிறையின் மரியம் திரேசியா (1876–1926) ஐந்துகாயம் பெற்றவராக மதிக்கப்படுகிறவர். அவருக்கு நடப்பதைப் பார்த்த மேலிடம் முதலில் பேயோட்டத்தான் சொன்னது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்ததும், குடும்பங்களுக்காக ஒரு சபையைத் தொடங்கியதும் அவருடைய வாழ்க்கை. 2019இல் புனிதர் பட்டம் வந்தது. பட்டத்துக்கான விசாரணையில் எடை போடப்படுவது வாழ்ந்த விதம். காயம் இருந்தால் இருக்கட்டும், அது மட்டும் யாரையும் பீடத்தில் ஏற்றாது. சட்டம் தெரிந்த ரோமுக்கு இருக்கிற இந்த நிதானம் சிற்றேட்டு ஆசிரியருக்கு ஏன் இல்லை?

நம் கரைக்கு வருவோம். சாத்தான்குளத்திலிருந்து உடன்குடி வழியாகக் கடலுக்கு இறங்கினால் மணப்பாடு. சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, கடலை ஒட்டியே நல்ல தண்ணீர் ஊறும் கிணறு, மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், செப்டம்பரில் திருவிழா. 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் உடம்பில் ஐந்துகாயம் கிடையாது. 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் காய்ச்சலில் செத்துப்போனார். ஆனால் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தன் கையைப் பற்றி ஒன்று சொல்கிறார்: ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று. உழைத்த கையின் களைப்பு. அந்த வலது கையைத்தான் 1614இல் உடலிலிருந்து வெட்டியெடுத்து ரோமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் ஜேசு ஆலயத்தில் அது இருக்கிறது. உடல் கோவாவில், கை ரோமில்!

அந்தக் கை கொடுத்த ஞானஸ்நானத்துக்குப் பின்னால் போர்த்துகீசியப் பீரங்கி நின்றதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் கடிதங்களில் தெரிகிற மனிதர் சிற்றேட்டுச் சவேரியார் இல்லை. 1544 ஜூனில் வடுகப் படை புகுந்து தென்கோடி மக்கள் பாறைகளுக்கு ஓடி ஒளிந்தபோது, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். எதிர்க்காற்று விடவில்லை. போய்ச் சேர முடியவில்லை. கடலை அடக்கிய அற்புதங்களை அவர் பேரில் எழுதிக் குவித்தவர்களுக்கு இந்தக் காட்சி தேவைப்படவில்லை. எனக்கோ அவருடைய மொத்தக் கதையிலும் இதுதான் நம்பும்படியான இடம். கரைக்காரனுக்குத் தெரியும், காற்று யார் பேச்சையும் கேட்காது. கேட்காது என்று தெரிந்தும் தோணியில் சாப்பாடு ஏற்றுகிறானே, அங்கேதான் புனிதம் இருக்கிறது.

நிஜமாகவே விலாவில் ஈட்டி வாங்கிய சாமியாரும் இந்தக் கரையில் உண்டு. அந்தோனியோ கிரிமினாலி. 1549இல், மண்டபம் பக்கம் வேதாளையில், ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியத் தளபதி வரி பிடுங்கியதில் சண்டை மூண்டது. கிரிமினாலி நினைத்திருந்தால் கப்பலேறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டே கரையில் நின்றார். குத்திக் கொன்றார்கள். சேசு சபையின் முதல் வேதசாட்சி என்கிறது வரலாறு. பீடம் இன்னும் கிடைக்கவில்லை. அவரை அறிந்தவர்கள் வேதாளையிலேயே குறைவு. தளபதியின் பேராசைக்கு விழுந்த அடியை அவர் வாங்கிக்கொண்டார் என்பதால் அந்தச் சாவு சங்கடமானது. அற்புதக் கதைக்கு அது ஒத்துவராது.

கிரிமினாலியின் இடத்துக்கு வந்தவர் என்றிக்கே என்றிக்கஸ், நம் புத்தகங்களில் அன்றிக் அடிகளார். யூத வழித்தோன்றல், நோஞ்சான் உடம்பு. ஐம்பது வருடத்துக்கு மேல் இங்கேயே கிடந்து தமிழ் படித்து, புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தி, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர். 1586இல் ‘அடியார் வரலாறு’ கொண்டுவந்தார். தமிழில் அச்சான முதல் புனிதர் கதைத் தொகுப்பு அது. நாம் இன்று பேசும் சிற்றேடுகளுக்கெல்லாம் மூத்த தாத்தா என்று சொல்லலாம். எழுதியவரின் எலும்பு தூத்துக்குடி மண்ணில் இருக்கிறது, அவருக்கென்று ஒரு திருநாள் இல்லை. ஊரார் கதையெல்லாம் எழுதிய கைக்குத் தன் கதையில் காட்ட ஒரு காயம்கூடக் கிடைக்கவில்லை.

இதைப் புரிந்துகொண்ட எழுத்து தமிழில் எது என்று கேட்டால், 2004இல் வந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ என்பேன். அதில் நல்ல சாமியார் ஒருவர் இருக்கிறார், காகு சாமியார். மக்களோடு நிற்பவர், ஊர் நெஞ்சில் வைத்திருப்பவர். ஆனாலும் புத்தகத்தை மூடியபின் நம்மைத் தூங்கவிடாதது அவர் அல்ல. நடுக்கடலில் மரம் உடைந்து மிதக்கும் மூன்று பேர்: கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை. இளையவன் பிழைக்கட்டும் என்று பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை விடுகிறார்கள். கரைசேர்பவன் பெயர் சிலுவை. ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் வைக்கவில்லை. இந்தக் கரையில் சிலுவை என்பது பக்கத்து வீட்டுப் பையனின் பெயர், அவ்வளவுதான். கோயிலில் சாமியார் சொல்லும் தியாகம் கடலில் சாமியாரே இல்லாமல் நடந்துவிடுகிறது. அற்புதம் கிடையாது, சாட்சி கிடையாது, பட்டமும் கிடையாது. பிடித்த கை விட்டது, இன்னொரு உயிர் மிஞ்சியது.

குறை என்று சொன்னால், காகு சாமியாரை வரையும்போது நாவலும் கொஞ்சம் சிற்றேட்டு மொழிக்கு நெருங்குகிறது. அவர் நல்லவர் என்பதை நாம் நம்ப வேண்டியிருக்கிறது. கோத்ராப் பிள்ளையை நம்ப வேண்டியதில்லை, பார்த்துவிடுகிறோம். அந்த வித்தியாசம்தான் நான் சொல்லவருவது.

இதெல்லாம் புத்தக விவகாரம், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அந்த இரண்டு உடம்புகளும் மருத்துவரைக் கடந்தன, உடல்தகுதிச் சான்று கிடைத்தது. நீதித்துறை நடுவரைக் கடந்தன, ரிமாண்ட் உத்தரவு கிடைத்தது. கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குப் போயின. 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தந்தையும் இறந்தார்கள். விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் பிறகு விசாரணைக்கு வந்த நடுவரிடம் சொன்னவர் அதே நிலையத்துப் பெண் காவலர் ஒருவர்.

திருக்காயங்களை முத்தமிட வரிசையில் நிற்கும் ஊர்கள் சூழ்ந்த இடம் இது. காயம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் அல்ல நாம். ஆனால் காயத்தை அற்புதமாக மட்டும் பார்த்துப் பழகிய கண், பூ வாசனை இல்லாத ரத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. சான்றிதழ் காயத்தை ஜெயித்துவிடுகிறது. சிற்றேட்டில் காயமே சான்றிதழ், அன்று சாத்தான்குளத்தில் காயத்துக்கு எதிராகவே சான்றிதழ். இரண்டிலும் உடம்பை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

தோமாவைச் சந்தேகப் பேர்வழி என்று பிரசங்கங்களில் கிண்டல் செய்வார்கள். உயிர்த்தவரின் காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். தமிழ் மண்ணில்தான் உயிர்விட்டார் என்று மயிலாப்பூரில் கல்லறை காட்டும் நாம், அவரிடமிருந்து கற்றது குறைவு. காயத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அன்றைக்கு ஒரே ஒருவர் அடம்பிடித்திருந்தால் போதும். பியோவின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் ஏற்றட்டும், தப்பில்லை. அவர்களுக்கு அடுத்த சிற்றேட்டை எழுதப்போகிறவர் அந்த ஆஸ்பத்திரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரட்டும். 1956இல் திறந்தது, இன்றைக்கும் நோயாளிகளைப் பார்க்கிறது.